ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை

ஸ்ரீரங்கம்
ஆடி 20, செவ்வாய்

சிரஞ்சீவி மேகனாவுக்கு அம்மா பூமாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் சௌக்கியம். நீ ஹாஸ்டலுக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று நினைக்காதே. ஃபோனில் சொல்லலாம் என்றால் உங்கள் ஸ்கூலில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம்தான் பேச விடுகிறார்கள். அதிலும் பாதி ஹலோ ஹலோவில் போய்விடுகிறது. இதை வார்டன் அம்மா படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார் என்று தெரியும். அவருக்கும் என் நமஸ்காரம்.

நல்ல சேதி வந்திருக்கிறது. தில்லை நகரில் ரஞ்சனி டாக்டர் எடுக்கச் சொன்ன ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 8.9. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். வைட்டமின் டி 9, முப்பது வேண்டும். பி12 வெறும் 142. டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மியா வச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு எப்படி மாமி எழுந்து நடமாடினா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை. பெற்ற பெண்ணுக்கு ரத்தம் இல்லை என்றால் சந்தோஷப்படுகிறவள் உண்டா என்று நீ சிரிப்பாய். ஆனால் ஒரு வருஷமாக லீவுக்கு வந்தபோதெல்லாம் நீ படுத்தே கிடந்தாய். புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்தாய். ஏன் கண்ணில் தண்ணீர் என்று கேட்டால் தெரியவில்லை என்றாய். அதற்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

அப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். சோம்பேறித்தனம் என்று இனி அவர் வாயால் சொல்ல மாட்டார். "சரி, மாத்திரையை ஒழுங்கா வாங்கி அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு தரம் அந்த 8.9-ஐப் பார்த்துவிட்டுப் போனார்.

டி மாத்திரையை முதலில் கேப்ஸ்யூலாகக் கொடுத்தார்கள். அந்த வழவழப்பான உறையை மாட்டு எலும்பைக் காய்ச்சிச் செய்கிறார்கள் என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறேன். நம் ஆத்தில் பெருமாளுக்குக் காட்டாமல் எதையும் வாயில் போடுவதில்லை என்று உனக்குத் தெரியும். அதை எப்படி அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பேன்? அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பவும் டாக்டரிடமே போனேன். அவர் சிரித்துவிட்டார். "பெருமாளுக்கு எது ஆகும்னு நீங்க முடிவு பண்ணுங்க மாமி, பொண்ணுக்கு எது வேணும்னு நான் முடிவு பண்றேன்" என்று சொல்லி, பவுடர் பாக்கெட்டாக மாற்றி எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரு துளசி தளத்தோடு பெருமாள் சன்னிதியில் வைத்து எடுத்துத்தான் பார்சல் கட்டியிருக்கிறேன். ஆகையால் மருந்தென்று முகம் சுளிக்காதே.

சிவப்பு அட்டை இரும்பு, தினம் ஒன்று. சின்ன அட்டை பி12, அதுவும் தினம் ஒன்று. பவுடர் பாக்கெட் வாரத்துக்கு ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மறந்துபோய்த் தினம் குடித்துவிடாதே, கெடுதல். வெறும் வயிற்றில் போட்டால் எரியும், இரும்பு மாத்திரையைப் பாலோடு சாப்பிடு. மருந்தெல்லாம் வார்டன் அறையில்தான் இருக்கும், வேளைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்போம் என்றார்கள். அதுவும் நல்லதுதான். நான் இங்கே ஒரு நோட்டில் நாள்வாரியாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் நீ சொல்லச் சொல்ல டிக் போடுவேன். மூன்று மாதத்தில் எல்லாம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். தீபாவளிக்கு நீ வரும்போது பழைய மேகனாவாக வரவேண்டும்.

காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. தாயார் உன்னைக் காக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா


ஸ்ரீரங்கம்
ஆவணி 22, ஞாயிறு

சிரஞ்சீவி மேகனாவுக்கு ஆசீர்வாதம். உன் கார்டு கிடைத்தது. "நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட் இருக்கிறது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். கார்டில் இன்னும் முக்கால் இடம் காலியாக இருக்கிறதே அம்மா.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பாலோடு சாப்பிடு என்று எழுதினேன் இல்லையா? டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பால், காபி எதுவும் இரும்போடு கூடாதாம், உடம்பில் சேர விடாதாம். நான் ஏதோ நாலு விஷயம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பெருமைப்படுவேனே, ஒரு மாத்திரையைக் கொடுக்கத் தெரியவில்லை. ஒரு மாத மாத்திரை வீணாகியிருக்கும். இனிமேல் எலுமிச்சை ஜலத்தோடு சாப்பிடு. எலுமிச்சம்பழம் ஒரு டஜன் வைத்திருக்கிறேன், பக்கத்துக் கட்டில் ஆன்சிக்கும் கொடு.

இன்றைக்கு நீ பேசிய பிறகு ஆன்சிதானே ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்? கெட்டிக்காரக் குட்டி. "ஆன்ட்டி, உங்க பெருமாள் மாத்திரையில எனக்கும் ஒண்ணு குடுடின்னா தர மாட்டேங்குறா. மெஸ்ல வார்டன் இவ பேரைச் சொன்னதும் நாங்கள்லாம் 'மாத்திரை மேகனா, மேடைக்கு வா'ன்னு கத்துவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேகனா சிரிப்பாளா என்று கேட்டேன். "முதல்ல சிரிச்சா ஆன்ட்டி" என்றாள். அதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது. முதலில் என்றால், அப்புறம்?

உத்தர வீதி அத்தை வந்திருந்தாள். உனக்கு பி12 கம்மி என்றதும், "இதுதானா, எங்காத்துல எல்லாருக்கும் கம்மி, நாய்க்குட்டிக்கு மட்டும்தான் சரியா இருக்கு" என்றாள். உன்னைப் பற்றி நாலு பேரிடம் வாய் திறந்து சொல்ல முடிகிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. போன வருஷமெல்லாம் யார் கேட்டாலும் படிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீட் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்பா ஹாலில் காலண்டர் பக்கத்தில் தினமும் எழுதுகிறார். அவருக்கு அந்த வயதில் நாலு மார்க்கில் மெடிக்கல் போனது. நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மனதில் வைத்துக்கொள் என்றும் அவர் சொல்லச் சொல்கிறார். நான் இரண்டையும் எழுதிவிட்டேன்.

நோட்டில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. உன்னைப் போல ஒழுங்காக மருந்து சாப்பிடுகிற குழந்தை உண்டா? அடுத்த கார்டில் இன்னும் இரண்டு வரி எழுது. என்ன சாப்பிட்டாய், ராத்திரி தூங்கினாயா, ஏதாவது எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


ஸ்ரீரங்கம்
ஐப்பசி 19, புதன், விளக்கேற்றும் நேரம்

என் கண்ணே மேகனா,

இது வார்டன் கைக்குப் போகாது. ஆன்சியின் அப்பா அற்புதசாமி நாளைக் காலையில் லாரி பாடி கட்டுகிறவர்களுக்குத் தகடு ஏற்றிக்கொண்டு உங்கள் ஸ்கூல் இருக்கிற நாமக்கல்லுக்கு வருகிறார். பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு உள்ளே வந்து, ஆன்சி மூலமாக உன்னிடம் கொடுப்பார். அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட். தீபாவளிக்கு வந்தபோது, நீ கிளம்புகிற அன்று காலையில் ரத்தம் எடுத்தோமே, அது மறுநாளே வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 12.4. டி 34. பி12 510. ஒரு குறையும் இல்லை. இதற்காக மூன்று மாதம் வேண்டிக்கொண்டேன். ஆனால் ஃபோனில் அந்த நம்பர்களைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏனென்றால் தீபாவளிக்கு வந்த உன்னை நான் பார்த்தேன். வெயில் பட்டால் நல்லது என்று தினமும் காலையில் மொட்டை மாடியில் உட்கார வைத்தேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வைத்த இடத்திலேயே இருந்தாய். வெயில் நகர்ந்து முகத்தில் அடித்தபோதுகூட நீ நகரவில்லை. புதுப் பாவாடையை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டாய். பாலும் வெல்லமும் விட்டுத் திருக்கண்ணமுது செய்து கொடுத்தேன், கிண்ணம் ஆறிப்போய் அப்படியே இருந்தது. இன்னும் ரத்தம் ஊறவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது ரத்தம் ஊறிவிட்டது என்று காகிதம் சொல்கிறது. அப்படியானால் நான் எதைச் சொல்லிக்கொள்வேன்?

ரஞ்சனி டாக்டர் அன்றைக்கே சொன்னார். "ரத்தம் சரியாயிடுச்சு மாமி. இது மனசுல இருக்குற நோய். இதுக்கும் டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு, பயப்படாதீங்க" என்று ஒரு சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டைப் பெருமாளிடம் வைத்தேன். பதினொரு நாள் ஆகிறது. நான் அதை எடுக்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால், நாளைக்கு உன் கல்யாணப் பேச்சு வந்தால், என்று ஏதேதோ நினைத்தேன். பி12 என்று ஊரெல்லாம் சொன்னவளுக்கு இதைத் தெருமுனை வரைக்கும்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவிடம் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். நார்மல் என்று வந்துவிட்டால் இனிமேல் சாக்குச் சொல்லக்கூடாது என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். முதல் காகிதம் உன்னை அவரிடமிருந்து காப்பாற்றியது. இரண்டாவது காகிதம் உன்னை மாட்டிவிடும். அதனால் ஒளித்து வைத்தேன். நோட்டிலும் எழுதவில்லை. நான் எதையும் நோட்டில் எழுதாமல் விட்டதில்லை, உனக்குத் தெரியும்.

இன்னொன்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நான் திரும்பிப் போகலேன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "இரும்பு ஏறிண்டிருக்குடி, இன்னும் ஒரு மாசத்துல எல்லாம் சரியாயிடும்" என்றேன். நீ "சரிம்மா" என்று ஏறிப் போய்விட்டாய். நீ கேட்டதென்ன, நான் சொன்னதென்ன! அந்தப் பஸ்ஸை நான் நிறுத்தியிருக்க வேண்டும். குறை என்று ஒன்று இருந்தால் அதை நிரப்ப எனக்குத் தெரியும் மேகனா. குறையே இல்லை என்கிற இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்று நாலு மணிக்கு அற்புதசாமி நம் ஆத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "அக்கா, சொல்றதா வேண்டாமான்னு தெரியல. எம் பொண்ணு வயித்து வலின்னு பொய் சொல்லி ஸ்கூல் ஆபீஸ் ஃபோன்லேர்ந்து கூப்பிட்டு அழுவுறா. உங்க பொண்ணு ஸ்வெட்டர், பேனா, நோட்டு எல்லாத்தையும் அவகிட்ட குடுத்துட்டு, எனக்கு இனிமே வேண்டாம்னுடுச்சாம்" என்றார்.

உடனே ஸ்கூலுக்கு ஃபோன் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள், மாத்திரையெல்லாம் வேளைக்குச் சாப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள், வேண்டுமானால் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் வார்டன். உன்னிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள் என்று வைத்துவிட்டார்.

பிறகு ரஞ்சனி டாக்டருக்குப் பேசினேன். வெளியூரில் இருக்கிறார். உன்னைத் தனியாக விடவே கூடாது, நானே இப்போது வார்டனிடம் பேசுகிறேன் என்றார். நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் ஊர் திரும்புகிறார், வந்ததும் கிளினிக்கில் லெட்டர் தருகிறார். அது இல்லாமல் வந்தால் போன தடவை மாதிரி கேட்டிலேயே நிறுத்தி, அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். அப்பா ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை. வந்ததும் ரிப்போர்ட்டையும் சீட்டையும் அவர் முன்னால் வைக்கப் போகிறேன். கோபிப்பாரோ, உடைந்து போவாரோ தெரியாது. நீ ஊருக்குப் போன அன்று உன் பழைய செருப்பைத் துடைத்து வாசலில் ஜோடியாக வைத்தவர் அவர்தான், அதையும் நீ தெரிந்துகொள். அவர் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் நான் கிளம்பிவிடுவேன்.

கண்ணே, நீ டாக்டராக வேண்டாம். எழுந்து படிக்கவும் வேண்டாம். என்ன ஆயிற்று என்று எனக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டாம், உனக்கே தெரியாது என்று எனக்கு இப்போது புரிகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளை மத்தியானம் ஒரு மணி பஸ்ஸில் ஏறுவேன். நாலு மணிக்கு உன் ஸ்கூல் வாசலில் இருப்பேன். வகுப்புக்குக்கூடப் போகாதே, ஆன்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அவளிடமும் அவள் அப்பா சொல்லிவிடுவார். பேச வேண்டாம், சாப்பிடப் பிடிக்காவிட்டால் வேண்டாம். நாலு மணி வரைக்கும் அப்படியே இரு, மேகனா. நான் வந்துகொண்டே இருக்கிறேன்.

உன் அம்மா