கழுவக் கூடாத நாசில்

திருவண்ணாமலை,
ஆனி 12

அன்புள்ள அருணா,

நீயும் உன் பட்டறைத் தோழிகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் முட்டி வலியைத் தவிர இங்கே யாருக்கும் குறையில்லை.

மூன்றாம் வகுப்பில் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "தண்ணி எங்கம்மா போச்சு?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? காற்றில் போயிற்று என்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

உருகிய அலுமினியத்துக்குள் வாயு விடும் உன் ஹோஸின் முனையில் மாட்ட அங்கே எந்த நாசிலும் பொருந்தவில்லை என்று அளவு அனுப்பினாய் அல்லவா, கீழ்பென்னாத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மணி கிராஃபைட் கரித்துண்டு ஒன்றைக் கடைந்து அப்படியே செய்து கொடுத்தான். "டீச்சர், இந்தக் கரியோட வீட்டுக்குப் போனா என்னை உள்ளயே விட மாட்டாங்க" என்று சிரித்தான். கூரியருக்காக எடை போட்டேன், நூற்று எண்பத்திரண்டு கிராம். மறுநாள் அப்பாவைத் தேடினால் பின்கட்டில் உட்கார்ந்து அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "புது சாமானைக் கழுவிப் பொட்டு வெக்காம எப்படி அனுப்பறது? காலைல இருந்து தேய்க்கிறேன், கரி போவவே மாட்டேங்குது" என்றார். அது முழுக்கக் கரிதான் என்று அவரிடம் யார் சொல்வது. போகட்டும் என்று வாளியில் வேறு ஊறப்போட்டிருக்கிறார்.

நான் எடுத்துத் துடைத்ததும் உலர்ந்த மாதிரிதான் இருந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எடை போட்டேன், நூற்று எண்பத்தொன்பது. ஏழு கிராம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒளிந்திருந்தது, உன் சிலேட்டுக் கேள்விக்கு மீதிப் பதில் அதுதான். ஈரக் கரண்டியால் உலோகம் தெறித்து உன் காதுக்குக் கீழே விழுந்த தழும்பு நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் அதை நான் இதுவரை சொன்னதில்லை. ஒரு செங்கல்லை எடுத்துவந்து மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், குடித்துவிட்டது. "இதுவும் அப்படித்தாங்க, உலைக்குள்ள போனா அந்தத் தண்ணி வெடிச்சு வெளிய வரும்" என்றேன். செங்கல்லைத் தொட்டுப் பார்த்தவர், "பாப்பா மேல ஏற்கெனவே பட்டிருக்கா?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை கண்ணு.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காயவைத்தாலும் அது வேண்டாம் என்று மறுநாள் தானே முதல் பஸ் பிடித்துப் போய், மணி வேறொன்று கடைந்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, சொட்டு ஈரம் படாமல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதுதான் இந்தப் பார்சலில் இருக்கிறது. பொட்டலத்தில் இருக்கும் குங்குமம் உன் நெற்றிக்கு, நாசிலுக்கு இல்லை. கழுவியது இனி அவர் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க. கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய், காயம் ஆறிவிட்டது என்று உன் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

அண்ணாமலையார் உன்னைக் காக்கட்டும், உன் கைகள் பத்திரமாக இருக்கட்டும். கடல் தாண்டி வரும் வழியில் இதுவும் காற்றிலிருந்து ஈரம் வாங்கியிருக்கும். உலைக்குள் விடுமுன் எடை போடு, மெதுவாகச் சூடாக்கு, மறுபடி எடை போடு. எடை குறைவது நிற்கும் வரை சூடாக்கிக்கொண்டே இரு.

உன் அம்மா,
உண்ணாமலை