நான்காம் நாள் திறந்த அடுப்பு

சுங்கை பினாங்,
11.5.1994

அன்புள்ள அர்ஜுனன் அண்ணனுக்குத் தங்கை நவமணி வணக்கத்துடன் எழுதுவது.

பயிற்சி நேரத்தில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். நேரில் இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் காட்டினார். "வெள்ளைக்காரன் புதுசா கட்டுற பிளேனு. எதிரி ரேடாரையே குருடாக்கிடுமாம்லா! இன்னும் அஞ்சு வருசத்துக்கு யாருக்கும் தெரியக் கூடாதாம்" என்று ஜாலான் தெரு முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

படத்தில் உங்கள் மடியில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டி திறந்திருக்கிறது. "உள்ளே உன் பேக்டரி சிப், தங்கச்சி" என்று பின்னால் எழுதியிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 4417. நான் கையெழுத்திட்ட தொகுதி.

ஒவ்வொரு தொகுதியும் ஏழு நாள் சூட்டடுப்பில் ஓட வேண்டும். பலவீனமானவை அங்கேயே செத்துவிடும். போன தீபாவளிக்கு முன் இது அடுப்பில் இருந்ததால், முடியும்வரை என் பிரிவுப் பெண்கள் யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். வடிவம்மாள் அழுதுவிட்டாள். "நீங்க படிச்சவங்க அக்கா, ஒரு கையெழுத்துதானே" என்றாள். நான்காம் நாள் அடுப்பைத் திறந்தேன். ஏழு என்று எழுதினேன். லீவு முடிந்து வந்தவர்கள் என் மேசையில் முறுக்கு டப்பாக்களை அடுக்கினார்கள்.

உங்கள் படம் வந்ததும், அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த நாற்பது சிப்புகளை மறுபடி அடுப்பில் வைத்தேன். ஆறாம் நாளுக்குள் பதினொன்று செத்தன. மேலாளர் நூர் முகம்மதுவிடம் சொன்னேன். "ஏழுன்னு எழுதினது நீதானேம்மா? சரக்கு போயி எத்தன மாசமாச்சு. அடுத்த மாச மீட்டிங்ல பாக்கலாம்லா" என்றார்.

எதிரி ரேடாரைக் குருடாக்கும் அந்தப் பெட்டி தடுமாறினால் உங்கள் விமானத்தின் கருவிகளையே குருடாக்கிவிடும் என்று முன்பு விளையாட்டாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் முதன்முதலாகப் பின் இருக்கையில் பறக்கப்போகும் இந்த மாதப் பத்தொன்பதாம் தேதியை அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். உங்கள் தொலைபேசி எண்ணை வீட்டுக்குத் தர அனுமதியில்லை. தந்தி கொடுக்கப் போனேன். வெறும் அஞ்சல் பெட்டி எண்ணுக்கு எடுக்கமாட்டார்களாம். கடிதம் சேரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். இன்று பதினொன்று.

அப்பா துறைமுகத்தில் கடைசிவரை கைநாட்டுதான் வைத்தார். நான் பட்டம் வாங்கிய அன்று, இனி நம் வீட்டில் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது என்றார்.

அண்ணே, அதில் ஏறாதீர்கள். என் பெயரைச் சொல்லிவிடுங்கள், என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். இந்த உறையை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. நீங்கள் இருந்து, நீங்களே பிரிக்க வேண்டும். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

தங்கை,
நவமணி