பூக்காத ஆமைவாய்ச் செடியின் பொருட்டு மருதவாயில் அரசன் விடுத்த ஓலை

மண் குளிர்க. மழை பிழையாது பெய்க. நட்டவை எல்லாம் நட்டவர் கைக்கு நன்றி சொல்லி வாழ்க.

மருதவாயில் நாட்டை ஆள்வோனும், ஈராற்று இடைநிலத்துக்கு உரியோனும், வெண்கொற்றக்குடையின் கீழ்க் கூடும் பேரவைக்குத் தலைவனுமாகிய கோப்பெருவிறலன், நம் அரண்மனை நந்தவனத்தை இருபத்திரண்டு ஆண்டு காத்து, இன்று ஆற்றுக்கு அப்பால் கரம்பைக்குடியில் தமக்கை மனையில் தங்கியிருக்கும் மாறன் சாத்தியாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் தமக்கைக்கும், அம்மனையில் நீர் நட்டிருக்கக்கூடிய எதற்கும் நலம் உண்டாகுக. இவ்விடத்தில் இன்னும் பதினொரு விருதுப்பெயர்களை எழுத நம் ஓலைநாயகன் எழுத்தாணியைத் தூக்கினான். கையைப் பிடித்து நிறுத்தினோம். விருதுகளுக்கு இது நேரமில்லை.

கார்த்திகைப் பூரணைக்கு முப்பத்தாறு நாள் இருக்கிறது. ஆமைவாய்ச் செடி பூக்கவில்லை.

பின்வருவது நீர் அறிந்ததே. ஆயினும் துறைக்காவலரும் உம் ஊர்ச் சபையாரும் இவ்வோலையைப் படித்த பின்னரே உம்மை விடுவர் ஆதலின் எழுதுகிறோம். குளிர்வரை நாட்டு அரையரோடு நாம் போரை நிறுத்தியபோது அவர் பொன் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. தம் மலைச்சாரலில் மற்றெல்லாச் செடியும் பூத்து ஓய்ந்த பின்னர்ப் பூக்கும் ஆமைவாய்ச் செடியின் ஒரு வேர்க்கட்டியைத் தந்து, ஏழாண்டு இது உம் மனையில் பூத்தால் உம் சொல்லை நம்புவோம் என்றார். நிழலும் ஈரமும் பொறுமையும் இல்லாத மனையில் அது பூக்காதென்பது அவர் நாட்டார் கொள்கை. அதுவரை பிணையாக நம் ஒரே மகள் பூதியைக் கேட்டார். கொடுத்தோம். அப்போது அவளுக்கு எட்டு வயது.

ஆறு கார்த்திகையும் பூத்தது. இது ஏழாவது. பூத்தால் பூரணையன்று அவர் தூதர் வந்து ஒரு பூவைக் கொய்து செல்வர், பூதி வீடு திரும்புவாள். பூக்காவிடில் உடன்படிக்கை முறிந்ததாகும். அவளை மேல்கோட்டையில் இட்டு வாயிலைக் கல்லால் அடைப்பர் என்று உடன்படிக்கை ஓலையிலேயே எழுதியிருக்கிறது. அதில் கையெழுத்து இட்டவனும் நாமே.

சாத்தியாரே, கெடுமதி கண்ணுக்குத் தோன்றாது என்பார்கள். நமக்குத் தோன்றவேயில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னே, நீராட்டறைத் தண்ணீர் வடியும் வாய்க்காலோரம், பலாமரத்தின் அடியில், சருகும் சேறுமாகக் கிடந்த இடத்தில் அச்செடி நிற்பதைச் சென்ற சித்திரையில் ஓர் அயலான் கண்ணால் கண்டு வெட்கினோம். ஒரு நாட்டின் அமைதியைக் கழுநீரிலா வைத்திருக்கிறீர்கள் என்று அயல்நாட்டு வணிகன் ஒருவன் சிரித்தான். அவன் சிரிப்புக்காக, பேரவை முற்றத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் கல்மாடம் ஒன்று கட்டினோம். துளசிமாடத்தைக் காட்டிலும் அழகாக இருக்க வேண்டும் என்று சிற்பிக்கு ஆணையும் இட்டோம்.

அன்று நீர் செடிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டீர். இதற்கு மரியாதை வேண்டாம், ஈரம் போதும் என்றீர். காலை வெயில் இரண்டு நாழிகைக்குமேல் பட்டால் இலை கருகும் என்றும், இது மாடத்தில் நிற்கும் பிறவியன்று என்றும், பூக்கும் நாளை அரசர் குறிக்க முடியாது என்றும் அவையறியச் சொன்னீர். கடைசிச் சொல்லே நம்மைச் சுட்டது. உம்மை ஆற்றுக்கு அப்பால் போக்கினோம். மேளம் முழங்கச் செடியை மாடத்தில் ஏற்றினோம்.

அதன் பின் நடந்ததை எழுத ஓலைநாயகனுக்கே கை கூசுகிறது. நாள்தோறும் பால் முழுக்காட்டினோம், எறும்பு வந்தது. மஞ்சள் நீர் தெளித்தோம். வெயிலில் மாடத்து மண் கற்பலகையாகக் காய்ந்தது. ஆடி பிறந்ததும், துளசிக்குச் செய்வதுபோலவே, காலைதோறும் நுனித்தளிர் கிள்ளி அருச்சனை செய்யலாம் என்று பூசகர் சொல்ல, நாமே முதல் தளிரைக் கிள்ளினோம். கிள்ளக் கிள்ளச் செழிக்கும் என்று மகிழவும் செய்தோம். ஆமைவாய்க்கு நுனியில் மட்டுமே அரும்பு கட்டும் என்று நம் அரண்மனையில் அறிந்தவர் ஒருவர்தாம். அவரை நாம் போக்கிவிட்டோம். இரண்டு திங்கள், நாள் தவறாமல், பூதியின் விடுதலையைக் கையால் கிள்ளிக் கிள்ளித் தட்டில் வைத்திருக்கிறோம்.

இலை சுருண்ட பின்னர் நம் வெண்கொற்றக்குடையை மாடத்தின்மேல் நிறுத்தினோம். குடை இல்லாத அரசன் வெயிலில் அமர்ந்து வழக்குக் கேட்டான். கண் கெட்ட பின் சூரிய வணக்கம். புரட்டாசி இறுதியில் தண்டு தாழ்ந்தது. நெட்டியில் ஒரு பூச் செய்துவிடலாம் என்று அமைச்சர் சொன்னார். உம்மிடம் மறைப்பானேன், செய்தும் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் குளிர்வரைத் தூதர் பூவின் வாய்க்குள் விரலை விட்டு, அது இதமாகக் கவ்வுகிறதா என்று பார்த்த பின்னரே கொய்வர். நெட்டிப்பூ கவ்வவில்லை. அதை அடுப்பில் இட்டோம்.

இனிச் சொல்லப்போவதற்காகவே இவ்வோலை. நேற்றுப் பகலில் யாருமறியாமல் மடைப்பள்ளிக்குப் பின்னே சென்றோம். வாய்க்காலை நாம் வேறு வழி திருப்பியிருந்தோம் அல்லவா. எலி வளையொன்றின் வழியே அது பழைய இடத்திலேயே கசிந்துகொண்டிருக்கிறது. பலாவின் கிளையைக் கழிக்கச் சொன்னோம் அல்லவா. கழிக்க வந்தவன் சோம்பேறி, பாதிதான் கழித்தான். அவனுக்கு ஊர் ஒன்று கொடுக்கலாம். அங்கே, சருகுக்குள், நாம் பெயர்த்தபோது அறுந்து நின்ற வேரிலிருந்து ஒரு தண்டு முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது. ஒரே தண்டு. அதன் நுனியில் பயற்றளவில் பச்சையாக ஏதோ திரண்டிருக்கிறது.

அது அரும்பா, சுருண்ட இலையா என்று நமக்குத் தெரியவில்லை. ஐம்பது போர்க்களம் கண்ட கண்ணுக்கு அது தெரியவில்லை. சருகை விலக்கலாமா, கூடாதா? தண்ணீர் விடலாமா, கசிவது போதுமா? பலாவில் எஞ்சிய கிளை மிகுதியா, குறைவா? அரும்பு கட்டி மலர முப்பது நாள் செல்லும் என்று முன்னொரு நாள் நீர் சொல்லக் கேட்டதாக நினைவு. இவ்வோலை உம்மை அடைய இரண்டு நாள், நீர் வந்துசேர இரண்டு நாள். மிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்க்க அஞ்சுகிறோம்.

பூதியிடமிருந்து ஆவணியில் வந்த செய்தியில், தான் நலம் என்றும், தலைமயிர் முழங்காலைத் தொடுகிறதென்றும் சொல்லி, தான் போகும் முன் செடியை நடும்போது தன் காலால் மிதித்துக் கெட்டித்த சேறு அங்கேயே இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். மாடத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இருக்கிறது என்று விடை எழுதினோம். அது பொய்யென்றே நினைத்து எழுதினோம். நேற்று அத்தண்டு நிற்கும் இடத்தைப் பார்த்தபோது, அவள் மிதித்த மண்ணிலேயே அது நிற்கக் கண்டு, நாம், இல்லை, நான், அந்த வாய்க்காலோரம் அமர்ந்து அழுதேன். இதை எழுதாதே என்று ஓலைநாயகனிடம் சொல்லவில்லை.

ஆகவே சாத்தியாரே, வாரும். பல்லக்கு அனுப்பினால் நீர் ஏறமாட்டீர் என்பதால் விரைகாளை பூட்டிய வண்டி அனுப்பியிருக்கிறோம். வந்து முதலில் செடியைப் பாரும். பின்னர் எம்மைத் திட்ட வேண்டுமாயின் அவையைக் கூட்டித் தருகிறோம். உம்மைப் போக்கியதும் அவையறியத்தானே.

இவ்வோலைக்கு அரக்கு முத்திரை இல்லை. அத்தண்டுக்கு ஒரு முழம் தள்ளி எடுத்த சேற்றில் எம் பெருவிரலை ஊன்றி, தேக்கிலையில் பொதிந்து அனுப்பியிருக்கிறோம். நீர் விரலால் பிசைந்தே மண்ணின் நிலை அறிவீர். ஈரம் போதாதெனில் ஓலை கொணர்ந்தவனிடம் சொல்லி அவனை உமக்கு முன்னே ஓடவிடும். மிகுதியெனினும் அவ்வாறே செய்யும்.

கோப்பெருவிறலன் ஆணை. இவ்வோலையோடு வரும் மாறன் சாத்தியாரைத் துறைக்காரர் எவரையும் முந்தி அக்கரை சேர்க்க. வாயில்காப்போர் அவரை நிறுத்தாது விடுக. சேற்றுக்காலைக் கழுவச் சொல்லாது விடுக. மடைப்பள்ளிப் பின்புறத்தில் அவர் சொல்லே அரசன் சொல்லாகக் கொள்க. அவர் வரும்வரை அச்செடியை எவரும் தொடலாகாது. அரசன் தொட வந்தாலும் காவலர் அவன் கையைப் பிடித்துத் தடுக்க.