டீ ஆறட்டும்

இன்று நகராட்சிக் கூட்ட அரங்கில் இஞ்சித் தேநீரின் மணம் வந்ததும் என் கண்கள் தாமாக உன் நாற்காலிக்குப் போயின. நீ இறந்தபின் இடைத்தேர்தலில் வென்ற இளைஞர் அதில் இருக்கிறார். கோப்பையை முதலில் வாங்கியவர் அவர்தான்.

நீ வாங்கமாட்டாய். நம் மன்றத்தில் தேநீர் வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று பொருள். அலுவலர் தீர்மானங்களின் எண்களை மட்டும் சொல்வார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" என்பார்கள். வடைத் தட்டு சுற்றி வரும். கவுன்சிலராகி நீ கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்றாய்.

"ஒண்ணொண்ணா வாசிங்க."

பக்கத்திலிருந்த மூத்த உறுப்பினர் அலுத்துக்கொண்டார். "ஏளா, டீ ஆறிப் போவும். நீயா சுட வச்சுத் தருவ?"

"டீ ஆறட்டும், அண்ணாச்சி. வீட்டுல இருந்து போட்டுக் கொண்டாரேன். எங்க வீட்டுக்காரர் நல்லா டீ போடுவாரு."

அரங்கமே பார்வையாளர் வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தூத்துக்குடியில் சட்டம் கற்பிக்கும் எனக்கு நம் ஊரில் அதன்பிறகு அதுவே அடையாளம்.

வாசித்தார்கள். நடுவில் ஒரு தீர்மானம், கடலோரத் தெருவின் குடிநீர் நேரத்தைக் குறைத்துப் புறவழிச்சாலையின் புதிய விடுதிகளுக்குக் கொடுத்தது. தோண்டினால் உப்புத் தண்ணீர் மட்டுமே ஊறும் தெரு. ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து வரும் ஆற்றுநீர்தான் அதற்கு எல்லாம். நீ அன்று அதை நிறுத்தினாய். பிறகு பல மாதம் போராடி வேறொரு தீர்மானம் வாங்கினாய்: மற்றத் தெருக்களின் வால்வுகளை மூடிவைத்து, குழாயின் கடைசியில் இருக்கும் கடலோரத் தெருவுக்கு முதலில் தண்ணீர் விட வேண்டும். அந்த ஒழுங்கில்தான் இன்றும் அங்கே குடங்கள் நிறைகின்றன.

சட்டமன்றத்துக்கு வரவிருக்கும் ஒரு சட்டமுன்வடிவு குறித்து இப்போது அரசு நகராட்சிகளின் கருத்தைக் கேட்டிருக்கிறது. வரி வரியாகப் படித்தேன். பண்பான மொழி. குடிநீரும் அதன் கட்டணமும் சென்னையில் அமையும் ஒரு வாரியத்துக்குப் போகும். மன்றங்கள் 'ஆலோசனை கூறலாம்'. குடிநீர் பற்றி அவை முன்பு இயற்றிய தீர்மானங்கள், சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் காலாவதியாகும். அந்தக் கடைசி வரிக்குள் கடலோரத் தெரு இருக்கிறது.

நேற்றே அந்த இளைஞரிடம் விளக்கினேன். "அது மேலிடத்து விஷயம்லா, சார். நாம என்ன செய்ய?" என்றார். கேட்டது உங்கள் கருத்தைத்தானே என்றேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று அது தெருநாய்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் நடுவே ஓர் எண்ணாக வந்தது. 'மன்றம் வரவேற்கிறது' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். எண்ணைச் சொன்னார்கள். மேசைகள் தட்டப்பட்டன. தன் அதிகாரத்தை எழுதிக் கொடுக்கும் ஒரு மன்றம், எதை எழுதிக் கொடுக்கிறோம் என்று காதால்கூடக் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். வகுப்பில் பேசும் தமிழ் வரவில்லை. "ஒண்ணொண்ணா வாசிங்க" என்றேன்.

தலைவர் நிமிர்ந்தார். "பார்வையாளர் பேசப்படாது, சார். வெளிய போங்க."

"ஏலே, சாருக்கு ஒரு டீயக் குடுத்து அனுப்புங்கலே" என்றார் அதே மூத்த உறுப்பினர். அன்று போல எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டு வாசலில் கடலோரத் தெருப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். உன்னைத் தேடி வந்தவர்கள் இன்னும் இங்கேதான் வருகிறார்கள்.

"அண்ணே, என்னமோ சட்டம் வருதாம்லா. இனி தண்ணி எங்களுக்குக் கடைசியிலதானா? யக்கா இருந்தா கேட்டுச் சொல்லுவா."

"நாளைக்குத் தண்ணி முதல்ல உங்களுக்குத்தான்" என்றேன். நாளையைப் பற்றி மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அவள் அதற்கே தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இந்த வீட்டில் இப்போது என்னோடு வாதிட யாரும் இல்லை. சமையலறையில் நின்றபடி, "இங்கன சொல்லி என்ன? அங்கன வந்து சொல்லுங்க" என்பாய். சொல்லிவிட்டேன். வெளியே அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போவேன், அப்போதும் அனுப்புவார்கள். உன் நாற்காலியில் அமர எனக்கு உரிமை கிடையாது. ஆனால் நீ விட்டுப்போன அந்த ஒரு வாக்கியம் இன்று என் வாயில், என் குரலில் வந்தது. அதை அவர்கள் காலாவதியாக்க முடியாது.

சட்டமுன்வடிவின் முதல் பிரிவிலிருந்து ஆட்சேபம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றாக. போட்டு வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. ஆறட்டும்.