பூதலூர் மோட்டாரில் நீ பதிந்த எண்

புதிதாகக் காயில் கட்டிய மோட்டாரின் வார்னிஷ் வாசனை கொட்டகைக்குள் நின்றது. உள்ளே நுழைந்ததும் ஏதோ சொல்வதற்காக உன் பக்கம் திரும்பினேன். நீ போய் ஒரு வருடமாகிறது என்பது இந்தக் கழுத்துக்கு இன்னும் உறைக்கவில்லை.

தஞ்சாவூரில் கல்லூரி ஆய்வகத்தின் மத்தியானங்களில் இதே வாசனையில்தான் நாம் கிடந்தோம். சுழலும் தண்டில் சென்சார் எதையும் மாட்டாமலே மோட்டாரின் வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வயல் கொட்டகையின் சேற்றிலும் ஈரத்திலும் சென்சார் பிழைக்காது என்பது உன் வாதம். "எவ்வளவு வேகமா சுத்துறேன்னு மோட்டாரையே போய்க் கேக்கணுமா? அது குடிக்கிற கரண்டைப் பார்த்தா தெரியாதா?" என்பாய். காபிக்கு நான் போடும் சர்க்கரையை வைத்தே என் கோபத்தை அளந்தவன் நீ. மோட்டார் எம்மாத்திரம்.

அந்தக் கணக்கை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து, பூதலூரில் உங்கள் வயல் மோட்டாருக்கே முதலில் பூட்டினாய். கணக்குக்கு ஆதாரம் காயிலின் மின்தடை. அதை நீயே அளந்து பெட்டியில் பதிந்தாய். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியபோது இருவரும் வரப்பில் உட்கார்ந்து அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மத்தியானம் இன்னும் முடியவே இல்லை என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

இந்த வாரம் உன் மனைவி போன் செய்தாள். மோட்டார் எரிந்து, வேறு காயில் கட்டி வந்தது முதல், கிளம்பியதும் நின்றுவிடுகிறதாம். வந்து பார்த்தால் நாற்றங்கால் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. மோட்டாரின் கோளாறு உடனே புரிந்தது. காயில் புதிது, பெட்டிக்குள் இருப்பதோ பழைய காயிலின் எண். மெல்லக் கிளம்பும்போதுதான் நம் கணக்கு அதிகம் தடுமாறும். ஓடுகிற மோட்டாரைச் சிக்கி நின்றுவிட்டதாக நினைத்துப் பெட்டி அணைத்துவிடுகிறது.

புதிய எண்ணை அளந்துவிட்டேன். பதியத்தான் விரல் வரவில்லை.

"என்னண்ணே, சரியா வராதா?" என்றாள் உன் மனைவி, கொட்டகை வாசலிலிருந்து.

"வரும்மா. இதுல அவன் போட்ட நம்பர் இருக்கு. அதை அழிக்கணும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "அழிச்சிடுங்கண்ணே. அவரா இருந்தா இவ்வளவு நேரம் நாத்தைக் காய விட்டிருக்க மாட்டாரு."

அழித்தேன். மோட்டார் கிளம்பியது, நிற்கவில்லை. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனாள். நான் கொட்டகையிலேயே நின்று கொஞ்சம் அழுதேன். உன் எண் இனி எந்த இயந்திரத்திலும் இல்லை. எனக்கு மட்டும் அது மனப்பாடம். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் மறக்க மாட்டேன்.