பாதியில் நின்ற சவரம்

சிஸ்டர்,

போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். அங்கிருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் விரல்நுனியைத் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஊசி எனக்குத்தானே, நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்று மனைவி பிறகு கேட்டாள்.

நீங்கள் இறந்த செய்தி வந்து அப்போது நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரிசாவில் ஒரு மலைக்கிராமத்தில், காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நிருபர் பழக்கத்தில் ஊர் என்ன, வயது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். துக்கம் அந்த வாடையோடுதான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. எய்ட்ஸ் என்று தெரிந்து வீட்டார் கைவிட்டவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். மாத்திரை அப்போது நம் பக்கம் எட்டவில்லை. வந்தவர்கள் சாகத்தான் வந்தார்கள். நான் செய்திக்காக வந்தேன். பெயர், படம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். அதன் பிறகும் ஏனோ வந்துகொண்டிருந்தேன். முதல் நாளே என்னை "பாய்" என்று கூப்பிட்டீர்கள். குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பிறந்த உங்கள் வாயில் அந்தச் சொல் கொஞ்சம் நீண்டு ஒலிக்கும்.

அங்கே கிடந்தவர்களில் ராசு ஒருவன், லாரி டிரைவர். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போய்வந்தவன். கடமலைக்குண்டில் அவன் தாய் இருந்தாள். நோய் இன்னதென்று தெரிந்த அன்று மகனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவள். நீங்கள் பஸ் ஏறிப் பல தடவை அவளிடம் போனீர்கள். முதலில் பேசவே இல்லையாம், அப்புறம் திட்டினாளாம், அப்புறம் தண்ணீர் கொடுத்தாளாம். கடைசியில், வியாழக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

அதே வியாழக்கிழமை காலை உங்களை ஏற்றிப் போக ஜீப் வரும் என்று மதுரையிலிருந்து உங்கள் கன்னியர் சபையின் மதர் உத்தரவு அனுப்பியிருந்தார். ஒரிசாவுக்கு மாற்றல். மாலையில் ரயில்.

இரண்டு நாள் தவணை கேளுங்கள் என்றேன். நானே மதுரைக்குப் பேசுகிறேன் என்றும் சொன்னேன். நீங்கள் துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்: "கேட்டா கொடுப்பாங்க பாய். அப்புறம் இன்னும் ரெண்டு நாள் கேட்கத் தோணும். இங்கே எப்பவும் யாராவது சாகக் கிடப்பாங்க."

கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர் நீங்கள். கொடுத்த வேலையை முடிப்பதும் அதில் சேர்த்தியில்லையா என்று கேட்டேன். அதைத்தான் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றீர்கள்.

வியாழன் காலை ராசு புதிதாக ஒன்று சொன்னான். பல வாரத் தாடி அவன் முகத்தை மூடியிருந்தது. "ஆத்தா இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாது சிஸ்டர். செரைக்காம அத உள்ள விட்டீகன்னா நான் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிருவேன்."

அவன் சொன்னால் செய்வான். இத்தனை நாள் கழித்து வருகிறவள் மகனின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இன்னொரு முறை வரமாட்டாள். அவனுக்கும் இன்னொரு முறை இருக்காது. அது நம் மூன்று பேருக்குமே தெரியும்.

நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். சவரக்கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். "நான் அங்கன போனேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவுக கடைக்கு வருவாக, பாய்?" என்றார். கத்தியும் புது பிளேடும் சோப்பும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நீங்கள் கையுறை மாட்டினீர்கள். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். அப்பச்சன், அதாவது உங்கள் அப்பா, சவரம் பண்ணுவதைச் சிறுவயதில் பார்த்ததோடு சரி என்றீர்கள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் தோல் நனைந்த காகிதம்போல் இருந்தது. வலது தாடையில் புண்கள். ஒரு கீறல் விழுந்தால் அவனுக்கு ஆறாது. கத்தி உங்கள் கையில் வழுக்கினால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"மீசையத் தொட்டுறாதீக சிஸ்டர். அது இல்லன்னா ஆத்தா அடுத்த கட்டிலுக்குப் போயிரும்" என்றான் ராசு. முகவாய்க்கு வந்தபோது, "குமுளி ரோட்டு வளைவு. கியரைக் குறைச்சுக்கங்க" என்றான். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

இடது பக்கம் முடிந்தபோது வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

பத்து நிமிடம் நிற்கச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கத்தியைக் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்தீர்கள். கையுறையைக் கழற்றி பிளீச்சிங் தண்ணீரில் அலசி, உதறி, கத்தியோடு என்னிடம் நீட்டினீர்கள்.

"எனக்குப் பழக்கமில்லை சிஸ்டர்."

"எனக்கும் இல்லை. இந்தப் பக்கம் என் வேலை, முடிஞ்சது. அந்தப் பக்கம் உங்களுக்கு."

ராசுவின் நெற்றியில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தீர்கள். "போறீகளா?" என்றான். "அனுப்புறாங்க, போறேன்" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பியது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் எனக்குக் கைக்குழந்தை இருந்தது. புண் இருக்கும் பக்கமாகப் பார்த்து எனக்கு விட்டுப் போயிருந்தீர்கள். ஈரக் கையுறையை நான் விரல் விரலாக மாட்டுவதை ராசு பார்த்தான். "கிளீனர்ட்ட ஸ்டியரிங்கக் குடுத்துட்டுப் போயிட்டாக" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தான்.

புண்களைச் சுற்றிச் சுற்றி மழித்தேன். தாடையோரம் ஓரிடத்தில் ரத்தம் பொட்டாக எழுந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. மிச்சத்தையும் முடித்து, முகத்தைத் துடைத்து, கண்ணாடி காட்டினேன்.

அவன் தாய் வந்தாள். நிலைப்படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். ராசு சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவள் கட்டிலோரம் வந்து பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டு, "ஏலே, இதென்ன காயம்?" என்று கேட்டாள்.

"பாய்க்குச் செரைக்கத் தெரியல ஆத்தா."

அவள் அன்று ஊர் திரும்பவில்லை. அவன் அடங்கும் வரை கட்டிலை விட்டு நகரவும் இல்லை. கடைசியில் அவனைக் குளிப்பாட்டியது அவள் கைதான். இதை எழுதி உங்களுக்குக் கடிதம் போட்டேன். ஆண்டவருக்கு நன்றி என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பலருக்குச் சவரம் செய்தேன். கை பழகியது. உங்கள் கீழ்ப்படிதலை மட்டும் இன்றும் என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்திருக்கலாம். அந்தத் தாய் வாசலோடு திரும்பியிருக்கலாம். இரண்டும் நடக்காது என்று உங்களுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

அன்று கிண்ணத்தை வைத்துவிட்டு உங்கள் பின்னாலேயே வாசல் வரை வந்தேன் சிஸ்டர், கத்தி கையில் இருந்தது. நீங்கள் பையை மடியில் வைத்து, நேராகப் பார்த்தபடி ஜீப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், கத்தியை உங்களிடமே திருப்பித் தந்திருப்பேன்.