அண்ணன் இருக்கும் நாடு

மார்ச் 4

மழை விட்டும் விடாமலும். கட்சி அலுவலக மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். எல்லைக்கு அப்பால் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது அவனுக்கு. நான் அனுப்பும் பணத்தில்தான், பார்வை போகாமலிருக்க, மாதாமாதம் அவன் கண்ணுக்குள் ஊசி. இந்த மாதமும் போட்டாயிற்றாம்.

"நேர்க்கோடெல்லாம் நெளியுது பாப்பா. கதவு நிலை தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. ஆனா அழகாத்தான் இருக்கு."

போனை வைத்த பிறகு என் ஜன்னல் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் லேசாக அசைந்தது போல.

ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம்.

மார்ச் 11

கொள்கைச் செயலாளர் கையெழுத்தில் பன்னிரண்டு பக்கம் கொடுத்தார். அண்டை நாடுகள்மேல் குண்டு போட்டுத் தடைப் பட்டியலில் ஏறிய நாடுகளுக்கு இங்கிருந்து எந்தப் பணமும் போகக் கூடாது — வங்கி, முகவர், தனியாள், யார் வழியாகவும். ஆட்சியில் இருப்பது நாங்கள். கட்சி முடிவெடுத்தால் சட்டமாகிவிடும்.

பட்டியலில் மூன்றாவது, அண்ணன் இருக்கும் நாடு.

ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தேன். படித்தால் நியாயமாகவே பட்டது. அந்தக் குண்டுகளை நினைத்து அண்ணனே போனில் அழுதிருக்கிறான்.

மார்ச் 12

ஊசி நின்றால்?

மார்ச் 15

கேட்டுவிட்டேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், மருந்துக்கு அனுப்புறவங்க என்ன பண்றது?"

பதினான்கு வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. பேனாவை மூடினார்.

"அங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?"

"அண்ணன்."

"ஒரு ஓட்டை விட்டா எல்லாரும் அதுலதான் நுழைவாங்க. துப்பாக்கி வாங்குறவனும் மருந்துன்னுதான் எழுதுவான்."

"தெரியும் சார். நான்தானே அடிச்சேன்."

மாலையில் என் மேஜைமேல் ஒரு சின்னத் தாள். புதுப் பத்தி: நெருங்கிய உறவினரின் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கே நேராகச் செலுத்தும் பணத்துக்கு மட்டும் விலக்கு. தேவையே இல்லாமல் அதை மூன்று முறை அடித்துப் பார்த்தேன்.

மார்ச் 20

கனவு. நீளமான தாழ்வாரத்தில் அண்ணனும் நானும் நடக்கிறோம். சுவர்கள் மெதுவாக மூச்சு விடுகின்றன. யாரும் எங்களிடம் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

பொதுக்குழு. நான் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். விலக்குப் பத்தியை நீக்க வேண்டுமென்று ஒருவர் எழுந்தார். கைகள் உயர்ந்தன — மீன்கூட்டம் ஒரே பக்கம் திரும்புவது போல, சத்தமில்லாமல். கொள்கைச் செயலாளரின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

பத்தி போய்விட்டது.

"மன்னிச்சிருங்கக்கா" என்றார் படிக்கட்டில்.

அவரு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? நானும் உறுப்பினர்தானே? ஒரு வார்த்தை எந்திரிச்சுப் பேசினேனா? குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டிருந்தேன் — பாவி.

மே 9

சட்டமாகிவிட்டது. வங்கிக் கவுண்டரில் இருந்த பெண் என் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள், முகத்தைப் பார்க்காமல்.

அண்ணனிடம் சொன்னேன்.

"பணத்துக்குத்தானே தடை? ஆளுக்கு இல்லையே? அப்ப நானே வரேன். கண்ணு இருக்கும்போதே உன்னப் பாத்துக்குறேன்."

அண்ணியின் கல்லறையை விட்டு வர மாட்டேன் என்று எட்டு வருஷம் அடம்பிடித்தவன்.

ஜூன் 17

அவன் இப்போது அந்த நாட்டுக் குடிமகன்; விசாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் இரண்டு ஊசி தவறிவிட்டது.

பேருந்திலிருந்து இறங்கியவன் என்னைத் தாண்டிப் போனான்.

"அண்ணா!"

நின்றான். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நடுவுல ஒரு மேகம் நிக்குது பாப்பா. அதைச் சுத்தி நீ இருக்க. நரைச்சுட்டியே!"

பேருந்துகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. கனவில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

ஜூன் 25

இடது கண் இனி வராது என்றார் மருத்துவர். வலது கண்ணைக் காப்பாற்றலாமாம். இங்கேயே ஊசி தொடங்கியாயிற்று.

மத்தியானம் கட்சியின் தடை அறிக்கையை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அவனுங்களுக்குக் காசு போகக் கூடாதுதான்." பிறகு, "என் எதிர்வீட்டுக்காரருக்கும் இதே ஊசிதான். அவரு யார் வீட்டுக்குப் போவாரு?"

ஜூலை 8

வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் பொதுக்குழு. பேசுகிறவர்களின் பட்டியலை இன்று தட்டச்சு செய்தேன். ஆறாவது பெயர் என்னுடையது.